57 கிலோடால்டனில் ஒரு பட்டை: சிப்3ஏ4 ஆன்டிபாடியை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

கல்லீரல் செல்களில் சிப்3ஏ4 (CYP3A4) என்ற நொதி இருக்கிறதா, மருந்து கொடுத்த பிறகு கூடுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு அதற்கென ஒரு சின்னக் குப்பியில், அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியும் வந்து சேரும். "ஒரு வெஸ்டர்ன் ஓட்டிப் பாரேன்" என்பார்கள். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை அது. ஓட்டினால் பெரும்பாலும் பட்டை வந்துவிடும். வந்த பட்டை சிப்3ஏ4தானா என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஜெல் ஊற்றுவதும் பஃபர் கலக்குவதும் எந்தச் செய்முறைக் கையேட்டிலும் கிடைக்கும். அவற்றை வேகமாகக் கடந்துவிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் தரும் இடங்களில் மட்டும் நிதானமாக நிற்கப் போகிறேன்.

யாரைத் தேடுகிறோம்?

மருந்துகளை உடைத்து வெளியேற்றத் தோதாக மாற்றும் நொதிகளில் பெரிய குடும்பம் சைட்டோக்ரோம் பி450. மனிதரில் இக்குடும்பத்துக்கு 57 செயல்படும் மரபணுக்கள் உண்டு. சிப்3ஏ4 அவற்றில் ஒன்று. கல்லீரலிலும் சிறுகுடலின் உட்சுவரிலும் இது ஏராளமாக இருக்கிறது. புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இதன் கையைத் தாண்டித்தான் போகின்றன. 503 அமினோ அமிலங்கள் கொண்டது, எடை சுமார் 57 கிலோடால்டன். எண்டோபிளாச வலையின் சவ்வில் தன் என்-முனையை ஊன்றிக்கொண்டு, மீதி உடலைச் சைட்டோபிளாசத்தின் பக்கம் நீட்டியபடி நிற்கும்.

சிக்கல் இதன் உடன்பிறப்புகளால் வருகிறது. 3ஏ5, 3ஏ7, 3ஏ43 ஆகிய மூன்றின் மரபணுக்களும் 7ஆம் குரோமோசோமில் இதன் பக்கத்திலேயே வரிசையாக இருக்கின்றன. 3ஏ5-இல் 502 அமினோ அமிலங்கள்; அமினோ அமில வரிசை 84 விழுக்காடு அளவுக்கு 3ஏ4-ஐப் போலவே இருக்கும். ஜெல்லில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கும். 3ஏ7 முக்கியமாகக் கருவின் கல்லீரலில் உருவாவது. 3ஏ5 எல்லோரிடமும் இருப்பதில்லை. *3 என்று குறிக்கப்படும் மரபணு மாற்றம், மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் விதத்தைக் கெடுத்துவிடுவதால், இரண்டு பிரதியிலும் அது உள்ளவர்களின் கல்லீரலில் 3ஏ5 புரதம் ஏறக்குறைய இருக்காது. ஐரோப்பிய வம்சாவளியினரில் பெரும்பாலோர் இந்த வகை. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் 3ஏ5 உள்ளவர்கள் மிகுதி. ஆகவே இரண்டு கொடையாளர்களின் கல்லீரலை ஒப்பிடும்போது ஒரு பட்டை தடித்துத் தெரிந்தால், 3ஏ4 கூடியிருக்கலாம், அல்லது அந்த ஆளிடம் 3ஏ5-உம் சேர்ந்து இருக்கலாம். உங்கள் ஆன்டிபாடி இரண்டையும் பிரித்துப் பார்க்காது என்றால் அந்த ஜெல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தரவுத்தாளில் எதைப் படிப்பது

குப்பியின் மேல் "சிப்3ஏ4, மனிதர்" என்று எழுதியிருப்பதற்கு, மனிதச் சிப்3ஏ4-ஐ அது பிடிக்கும் என்று மட்டுமே பொருள். வேறெதையும் பிடிக்காது என்ற உறுதி அதில் இல்லை. தரவுத்தாளைத் திறந்ததும் நேராக இம்யூனோஜென் என்ற வரிக்குப் போங்கள். விலங்கின் உடலில் எதைச் செலுத்தி இந்த ஆன்டிபாடியை உருவாக்கினார்கள் என்பது அங்கே இருக்கும். முழு நீளப் புரதத்தையோ பெரிய துண்டையோ செலுத்தி, முயலிலிருந்து எடுத்த பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) என்றால், அது 3ஏ குடும்பம் முழுவதையும் பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். எலி, சுண்டெலி ஆகியவற்றின் 3ஏ நொதிகளையும் அது பிடிக்க வாய்ப்பு அதிகம். 3ஏ4-உம் 3ஏ5-உம் வேறுபடும் ஒரு சிறு பகுதியை, உதாரணமாகச் சி-முனையின் கடைசிச் சில அமினோ அமிலங்களை, பெப்டைடாகச் செய்து உருவாக்கியதென்றால் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் வாய்ப்புதான், சோதித்துத்தான் ஏற்க வேண்டும். இம்யூனோஜென் வரியில் "தனியுரிமைத் தகவல்" என்று மட்டும் போட்டிருந்தால் நான் வேறு குப்பியைத் தேடுவேன்.

அடுத்து படங்கள். சிப்3ஏ4-ஐ அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைத்த செல்களில் ஒரு கொழுத்த பட்டையைக் காட்டும் படம் மட்டும் இருந்தால் அதற்கு அதிக மதிப்பில்லை. அவ்வளவு புரதம் இருந்தால் சுமாரான ஆன்டிபாடிகூடக் கண்டுபிடித்துவிடும். 3ஏ4, 3ஏ5, 3ஏ7 மூன்றும் தனித்தனிக் குழியில் ஓடி, 3ஏ4 குழியில் மட்டும் பட்டை தெரியும் படம் கிடைத்தால் அதுதான் முத்து. "பொருந்தும் என்று கணிக்கப்பட்டது" என்ற சொற்றொடரையும் கவனியுங்கள். வரிசை ஒத்துப்போகிறது என்பதைக் கணினியில் பார்த்துச் சொன்னது அது. யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குளோனல் வகையில் என் விருப்பம் ரீகாம்பினன்ட் மோனோகுளோனல், அதாவது மரபணுவைச் செல்லில் செலுத்தி உருவாக்கும் ஒரே வகை ஆன்டிபாடி. அதன் மரபணு வரிசை கையில் இருப்பதால், அடுத்த தொகுதி வாங்கினாலும் அதே பொருள்தான் வரும். பாலிகுளோனல் விலங்குக்கு விலங்கு மாறும். இரண்டு வருட ஆய்வின் நடுவில் தொகுதி எண் மாறினால் பட்டைகளின் கதையும் மாறிவிடலாம். இன்னொன்று: நொதியின் வேலையையே தடுக்கும் ஆன்டிபாடிகளும் விற்பனைக்கு உண்டு. எந்த மருந்தை எந்தச் சிப் உடைக்கிறது என்று கண்டறிய அவை உதவும். அவற்றில் பல, புரதத்தின் இயல்பான மடிப்பைத்தான் அடையாளம் காணும். எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டுப் பிரித்து நீட்டிய புரதத்தை அவை கண்டுகொள்ளாமல் போகலாம்.

கன்ட்ரோல்: இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

முதல் ஜெல்லில் உங்கள் மாதிரியை ஓட்டவே வேண்டாம் என்பேன். முதல் ஜெல் முழுக்கக் கன்ட்ரோலுக்கு, அதாவது விடை முன்பே தெரிந்த மாதிரிகளுக்கு.

பாசிட்டிவுக்கு இரண்டு தேவை. ஒன்று, பலரின் கல்லீரலைக் கலந்து எடுத்த மனிதக் கல்லீரல் மைக்ரோசோம் (செல்லை உடைத்துப் பிரித்தெடுத்த எண்டோபிளாச வலையின் சவ்வுத் துண்டுகள்). மற்றொன்று, சிப்3ஏ4 மட்டும் உள்ள ரீகாம்பினன்ட் மைக்ரோசோம். அதே கையோடு ரீகாம்பினன்ட் 3ஏ5-ஐயும், முடிந்தால் 3ஏ7-ஐயும் வாங்கிவிடுங்கள். நெகட்டிவுக்கு, அதே வகைச் செல்லிலிருந்து சிப் மரபணு இல்லாத வெற்று வெக்டார் மட்டும் போட்டு எடுத்த மைக்ரோசோம் இருக்கிறது. மரபணு செலுத்தாத ஹெக்293 செல்லின் லைசேட்டும் (செல்லை உடைத்த கரைசல்) ஆகும். சுண்டெலிக் கல்லீரலை நெகட்டிவாக வைக்காதீர்கள். அதற்கென்று சொந்தமாக 3ஏ நொதிகள் இருக்கின்றன.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ரீகாம்பினன்ட் குப்பிகளில் அளவைப் பிகோமோலில் தருவார்கள். 57 கிலோடால்டன் புரதத்தில் 1 பிகோமோல் என்பது 57 நானோகிராம். ஒரு கல்லீரல் மைக்ரோசோம் மாதிரியில் மில்லிகிராமுக்கு 100 பிகோமோல் சிப்3ஏ4 இருப்பதாக வைத்துக்கொண்டால், 10 மைக்ரோகிராம் ஏற்றும்போது குழிக்குள் போவது அதே 1 பிகோமோல். எனவே 3ஏ4, 3ஏ5, 3ஏ7 மூன்றையும் தலா 1 பிகோமோலும், பக்கத்தில் 10 மைக்ரோகிராம் கல்லீரல் மைக்ரோசோமும் ஏற்றினால் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். 3ஏ5 குழியில் பட்டை தெரிந்தால் சோர்ந்துபோக வேண்டாம். உங்கள் ஆன்டிபாடி "சிப்3ஏ" ஆன்டிபாடி என்று தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான். முடிவை எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள்.

ரீகாம்பினன்ட் பட்டை கல்லீரல் பட்டையைவிட ஒரு நூல் மேலோ கீழோ இருந்தால் பதற வேண்டாம். பாக்டீரியாவில் உருவாக்கும்போது என்-முனையை மாற்றியிருப்பார்கள், அல்லது ஒரு டேக் (அடையாளத்துக்கான சிறு துண்டு) ஒட்டியிருப்பார்கள்.

செல் வளர்ப்பில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கல்லீரல் புற்றுநோயிலிருந்து வந்த ஹெப்ஜி2 செல்களில் சிப்3ஏ4 மிகமிகக் குறைவு. அதில் பளிச்சென்று பட்டை வந்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வரவேண்டும். நன்கு முதிரவிட்ட ஹெப்பாஆர்ஜி செல்களில் இது நன்றாகவே உண்டு. மனித முதன்மைக் கல்லீரல் செல்களில் தொடக்கத்தில் நிறைய இருக்கும். தட்டில் சாதாரணமாக வளர்க்க வளர்க்க நாளுக்கு நாள் சரியும். இந்தச் செல்களுக்கு 10 மைக்ரோமோலார் ரிஃபாம்பிசினை 48 முதல் 72 மணி நேரம் கொடுத்தால், பிஎக்ஸ்ஆர் என்ற ஏற்பியின் வழியாகச் சிப்3ஏ4 உற்பத்தி கூடும். ரிஃபாம்பிசின் கொடுத்ததும் கொடுக்காததும் ஜோடியாக ஓடினால், ஆன்டிபாடியின் நேர்மைக்கு அதுவும் ஒரு சாட்சி.

பெப்டைட் கொண்டு ஆன்டிபாடியை முன்னதாகவே அடைத்துவிட்டு, பட்டை மறைந்துவிட்டது பார் என்று காட்டும் சோதனையைப் பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தவறான புரதத்தில் ஒட்டியிருந்தாலும் அதே பிடிமானத்தால்தான் ஒட்டியிருக்கும். பெப்டைட் அதையும் சேர்த்தே மறைக்கும்.

குப்பி வந்த அன்று

மூடியைத் திறக்குமுன் மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுற்றுங்கள். பாதி திரவம் மூடியில்தான் ஒட்டியிருக்கும். பிறகு 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல் சிறு பங்குகளாகப் பிரித்து, தரவுத்தாள் சொல்லும் வெப்பநிலையில் வையுங்கள். அதைவிடச் சின்னப் பங்காகப் பிரித்தால் குழாயின் சுவரே ஒரு பகுதியைத் தின்றுவிடும். 50 விழுக்காடு கிளிசரால் உள்ள ஆன்டிபாடி மைனஸ் 20 டிகிரியில் உறையாது, அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். கிளிசரால் இல்லாததை உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்து உருக்கினால் கட்டிதட்டிப் போகும். தானாகப் பனியை உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. வந்த தேதியையும் தொகுதி எண்ணையும் குழாயிலேயே எழுதிவிடுங்கள்.

மாதிரி தயாரிப்பு

சவ்வில் ஊன்றிய புரதம் என்பதால் மைக்ரோசோமாகப் பிரித்தெடுத்தால் பட்டை தெளிவாக வரும். திசுவைக் குளிர்ந்த பஃபரில் அரைத்து 9,000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தை மட்டும் எடுத்து 100,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுற்றினால் அடியில் படிவது மைக்ரோசோம். 20 விழுக்காடு கிளிசரால் சேர்த்த பஃபரில் கரைத்து மைனஸ் 80-இல் வைக்கலாம். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் கிடைக்காவிட்டால் முழு லைசேட்டும் போதும், கொஞ்சம் அதிகமாக ஏற்ற வேண்டியிருக்கும். மைக்ரோசோம் என்றால் 5 முதல் 20 மைக்ரோகிராம், லைசேட் என்றால் 20 முதல் 40 மைக்ரோகிராம் என்று தொடங்குங்கள். புரோட்டியேஸ் தடுப்பான்களை மறக்க வேண்டாம். கல்லீரல் திசு வெளியில் கிடந்தால் புரதம் சிதைந்து, கீழே சின்னச் சின்னப் பட்டைகளாக வந்து குழப்பும்.

சூடாக்குவதில் 95 டிகிரி, 5 நிமிடம் வழக்கம். ஆனால் சவ்வுப் புரதங்கள் கொதித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. குழியின் வாயிலேயே கருமையாக ஏதாவது தங்கி நின்றால் அடுத்தமுறை 70 டிகிரியில் 10 நிமிடம் வைத்துப் பாருங்கள்.

ஓட்டுவதும் ஊறவைப்பதும்

10 விழுக்காடு ஜெல் போதும். 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட பகுதி நன்றாக விரிய வேண்டும் என்பதால் சாயம் கீழ் விளிம்பைத் தொட்ட பிறகும் சற்று நேரம் ஓடவிடலாம். பிவிடிஎஃப் மெம்பிரேனுக்கு மாற்றுங்கள், முதலில் மெத்தனாலில் நனைக்க வேண்டும். மாற்றி முடித்ததும் பான்சோ எஸ் சாயத்தில் நனைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படம் பின்னால் எவ்வளவு உதவும் என்பது கீழே வருகிறது. 5 விழுக்காடு கொழுப்பு நீக்கிய பால்பொடியில் ஒரு மணி நேரம் பிளாக் செய்து, முதன்மை ஆன்டிபாடியை 1:1000 என்று நீர்த்து 4 டிகிரியில் இரவு முழுக்க ஆட்டவிட்டு, மறுநாள் 0.1 விழுக்காடு ட்வீன் சேர்த்த டிபிஎஸ் பஃபரில் மூன்று முறை கழுவி, முதன்மையைப் பிடிக்கும், பெராக்ஸிடேஸ் நொதி இணைத்த இரண்டாம் ஆன்டிபாடியை 1:5000 முதல் 1:10,000 வரை நீர்த்து ஒரு மணி நேரம் வைத்தால் முடிந்தது. இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. உங்கள் குப்பிக்குச் சரியான நீர்ப்பை 1:500, 1:1000, 1:2000, 1:5000 என்று மெம்பிரேனைக் கீற்றுகளாக வெட்டிச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதன்மை ஆன்டிபாடியைக் கெடாமல் வைக்கச் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். அது பெராக்ஸிடேஸைக் கொன்றுவிடும் என்பதால் இரண்டாம் ஆன்டிபாடியின் பக்கம் அது வரவே கூடாது.

பட்டையைப் படிப்பது

இந்த நொதிக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அதன் எடைக்கு அருகிலேயே வேறு சிலவும் குடியிருக்கின்றன. ஆன்டிபாடியின் கனச் சங்கிலி 50 கிலோடால்டன். மனிதச் சிப்3ஏ4 மரபணுவைப் புகுத்திய சுண்டெலியின் ஈரலில், சுண்டெலியில் உருவாக்கிய முதன்மை ஆன்டிபாடியைப் போட்டால், இரண்டாம் ஆன்டிபாடி அந்த ஈரலின் இரத்தத்தில் உள்ள ஐஜிஜி-யையும் (சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடி) பிடித்து 50-இல் ஒரு தடித்த பட்டையைக் காட்டும். பார்ப்பதற்கு அசல் சிப் மாதிரியே இருக்கும். முதன்மை ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவதை மட்டும் போட்ட ஒரு கீற்று இந்த வேஷத்தைக் கலைத்துவிடும். அல்லது முயல் ஆன்டிபாடிக்கு மாறிவிடுங்கள்.

எல்லாக் குழியிலும் ஒரே அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் லோடிங் கன்ட்ரோலிலும் இதே கதை. ட்யூபுலின் 50 முதல் 55-க்குள் வருவதால் அதே மெம்பிரேனில் சிப்போடு மோதும். ஆக்டின் 42-இல் வசதியாகத் தள்ளி நிற்கிறது. ஆனால் மைக்ரோசோமில் ஆக்டின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். மைக்ரோசோமுக்கு எண்டோபிளாச வலையிலேயே இருக்கும் கால்நெக்சின் பொருத்தம். அது ஜெல்லில் 90-க்கு அருகில் தெரியும். இல்லாவிட்டால் மேலே சொன்ன பான்சோ படத்தை எடுத்து, ஒவ்வொரு குழியின் மொத்தப் புரதத்தால் வகுத்துவிடலாம். நான் பெரும்பாலும் அதைத்தான் செய்வேன்.

கூடியது, குறைந்தது என்று எண்ணால் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஒரே மாதிரியை 2, 5, 10, 20 மைக்ரோகிராம் என்று ஏற்றி, பட்டையின் செறிவு அதே விகிதத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். 10-க்கும் 20-க்கும் வித்தியாசமே இல்லை என்றால் சிக்னல் உச்சத்தைத் தொட்டுவிட்டது. அந்த அளவில் ரிஃபாம்பிசின் என்ன செய்தாலும் படத்தில் தெரியாது.

திசுவெட்டில் பார்ப்பவர்களுக்கு

கல்லீரல் தானே ஒரு கன்ட்ரோலைத் தருகிறது. சிப்3ஏ4 மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்களில் மிகுதி, போர்ட்டல் பக்கம் குறைவு. சாயம் அந்தப் பாங்கில் விழுந்தால் நல்ல அறிகுறி. வெட்டு முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக இருந்தாலோ, நியூக்ளியஸ் கறுத்திருந்தாலோ நம்ப வேண்டாம். சிறுகுடலில் விரலிகளின் உறிஞ்சு செல்களில் தெரியும், அடிக்குழிகளில் தெரியாது. கல்லீரலில் இயற்கையாகவே பயோட்டின் நிறைய உண்டு. அவிடின்-பயோட்டின் முறையில் சாயமேற்றினால் அது முழுவதும் மின்னும். பாலிமர் முறைக்குப் போய்விடுவது நல்லது. வெஸ்டர்னில் நன்றாக வேலை செய்த ஆன்டிபாடி ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவிலும் வேலை செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பட்டை இருக்கிறது, வேலை நடக்கிறதா?

ஆன்டிபாடி புரதத்தை மட்டுமே பார்க்கிறது. ஹீம் என்ற இரும்புள்ள பகுதியை இழந்து செத்துப்போன நொதிக்கும் உயிரோடிருக்கும் நொதிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒரே பட்டைதான். கீட்டோகோனசோல் நொதியின் வேலையை மடக்கிப் போடும், பட்டை அப்படியே இருக்கும். கிளாரித்ரோமைசினும் நொதியோடு இறுகப் பிணைந்து அதை முடக்கும், பட்டை குறைய வேண்டிய அவசியமில்லை. பம்பளிமாஸின் இனமான கிரேப்ஃப்ரூட்டின் சாறு வேறு மாதிரி: குடல் செல்களில் சிப்3ஏ4 புரதமே குறைகிறது, எம்ஆர்என்ஏ குறைவதில்லை. எம்ஆர்என்ஏ-வை மட்டும் அளந்திருந்தால் இதைத் தவறவிட்டிருப்பார்கள், ஆன்டிபாடி பிடித்துக்கொடுத்தது.

எனவே மருந்து இடைவினையைப் பற்றி ஏதேனும் சொல்வதற்கு முன், அதே மாதிரியில் மிடசோலமிலிருந்து 1'-ஹைட்ராக்ஸி மிடசோலம் உருவாகும் வேகத்தையோ, டெஸ்டோஸ்டிரோனின் 6பீட்டா-ஹைட்ராக்சிலேற்றத்தையோ அளந்து பட்டையோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது தவறு என்று உடனே தேடத் தொடங்காதீர்கள். இரண்டும் சரியாக இருக்கலாம்; தடுப்பான் ஒன்று நடுவில் இருக்கலாம். 3ஏ4-ஐயும் 3ஏ5-ஐயும் கறாராகப் பிரித்து அளவு சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் உரிய தனிப் பெப்டைடை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் எண்ணுவதுதான் வழி. ஆன்டிபாடியின் முடிவோடு அது ஒத்துப்போனால் உங்கள் குப்பிக்கு அதைவிட நல்ல நற்சான்று வேறில்லை. 2016-இல் ஆன்டிபாடிகளைச் சரிபார்க்க ஐந்து வழிகளைப் பரிந்துரைத்த பன்னாட்டுக் குழுவும், ஆன்டிபாடியைச் சாராத இப்படியொரு முறையோடு ஒப்பிடுவதை அவற்றில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மரபணுவை நீக்கிப் பார்ப்பது, அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது ஆகியவையும் அதில் உண்டு.

நோட்டில் எழுத வேண்டியவை: நிறுவனம், கேட்டலாக் எண், தொகுதி எண், ஆர்ஆர்ஐடி எண் (ஆய்வுப் பொருள்களுக்கான பொது அடையாள எண்), நீர்ப்பு, ஊறவைத்த நேரம், ஏற்றிய அளவு, படமெடுத்த நொடிகள். மெம்பிரேனின் முழுப் படத்தையும் வெட்டாமல் சேமியுங்கள். கட்டுரை அனுப்பும்போது இதழ்கள் அதைக் கேட்கின்றன. 3ஏ5 குழியில் பட்டை வந்த அந்த முதல் ஜெல்லையும் அதோடு சேர்த்து வையுங்கள். பட விளக்கத்தில் "சிப்3ஏ4" என்று எழுதுவதா "சிப்3ஏ" என்று எழுதுவதா என்று மதிப்பீட்டாளர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது அதுதான்.